கூரைமேல் ஸ்டெப்னி!

"டமார்!"

கம்மாபுரம் சாலையே அதிர்ந்தது.

"ஐயோ! சுட்டுட்டானுங்க!"

செங்கமலம் வரப்பில் குப்புற விழுந்தாள்.

யாரும் சுடவில்லை... டயர் வெடித்திருந்தது!

ஒருபக்கம் சாய்ந்து நின்றது வீடு மாதிரியான அந்த வேன். உள்ளேயே கட்டில், ஸ்டவ், முகம் பார்க்கும் கண்ணாடி. அதில்தான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார் சோமசுந்தரம். கோட்டு, தொப்பி, நுனிநாக்கில் இங்கிலீஷ். நெய்வேலி மைன்ஸில் பர்மனென்ட் வேலை வாங்கித் தருவாராம். பெரிய துரைக்கு ஒரு பொட்டுத் தங்கம் போதுமாம்!

செங்கமலத்தின் புருஷன் கூலிக்கு உழுத நிலமெல்லாம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. நேற்றுத்தான் தோட்டைக் கழற்றிக் கொடுத்திருந்தாள். காதில் இப்போது வேப்பங்குச்சி.

டிரைவர் ராயப்பன் ஜாக்கியோடு இறங்கினான். "ஸ்டெப்னி கூரை மேல இருக்குதுங்க. ஏறி எறக்கறேன்."

"நீ ஏறாதே! நானே ஏறுறேன்!"

ராயப்பன் திகைத்தான். தண்ணீர் டம்ளரைக்கூடத் தானாக எடுக்காத மனுஷர்... டயரைத் தூக்கப் போகிறாரா?

செங்கமலம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "ஒங்களுக்கு எதுக்குங்க கஷ்டம்? மைன்ஸு ஒர்க்‌ஷாப்பு கூப்புடு தூரந்தான். ஆபீசர் வண்டின்னா நாலு ஆளு ஓடியாருவாங்க. சொல்லியனுப்பட்டுமாங்க?"

"வேண்டாம்!"

கத்திய வேகத்தில் தொப்பி கழன்று விழுந்தது.

பக்கத்து முந்திரித் தோப்பில் கிடந்த ஏணியை வண்டிமேல் சாய்த்து அவசரமாக ஏறினார். டயரின் நடுக்குழியில் கையை விட்டார். வந்தது ஒரு சுருக்குப்பை... வாய் அவிழ்ந்தது... ஏதோ மின்னிக்கொண்டு கீழே விழுந்தது.

அவள் தோடு!

"பெரிய தொரைகிட்ட குடுத்தாச்சின்னு காலையில சொன்னீங்களே..."

சோமசுந்தரம் அவசரமாகப் பையின் வாயை இறுக்கினார்.

செங்கமலம் தோட்டைப் பொறுக்கிக்கொண்டு ஏணியை இழுத்துக் கீழே சாய்த்தாள்.

"ஏய்! ஏணியை வை! போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்புடுங்க!"

"ராயப்பா! வெடிச்ச டயரோடவே வண்டியை எடு!"

ராயப்பன் உள்ளே ஏறினான். எஞ்சின் உறுமியது... செங்கமலம் தலையில் கைவைத்தாள். போச்சு... எல்லாம் போச்சு!

எஞ்சின் நின்றது.

சாவியோடு இறங்கினான் ராயப்பன். கண் சிவந்திருந்தது.

"சார், அந்தப் பையில செவப்புக்கல்லு மூக்குத்தி ஒண்ணு இருக்குதா பாருங்க. என் சம்சாரத்துது. என்னையும் பர்மனென்ட் பண்றேன்னுதானே வாங்கினீங்க?"

வெடிச்சத்தம் கேட்டு கான்ஸ்டபிள் கலியன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சங்கதியைக் கேட்டார். செங்கமலத்திடம் கையை நீட்டினார்.

"அந்தத் தோட்டைக் குடும்மா. கேஸ் பொருள்."

"மாட்டிக்கினேங்க. வேணும்னா காதோட சேத்து ஸ்டேஷனுக்கு வரேன்!"

கலியன் நீட்டிய கையால் மீசையைத் தடவிக்கொண்டார். சோமசுந்தரத்தைக் கீழே இறக்கினார்.

"கான்ஸ்டபிள்... ஸ்டேஷன் வரைக்கும் என்னை நடத்தியா கூட்டிப் போவீங்க? என் கௌரவம் என்னாகும்?"

"சேச்சே! மாமியார் வூட்டுக்கு மாப்ளய யாராச்சும் நடத்திக் கூட்டிக்கினு போவாங்களா? கோட்டக் கழட்டிட்டு ஸ்டெப்னிய மாட்டுங்க, மாப்ள!"