லைப்சிக் அறையில் இன்னொருத்தி

நிரோஜாவின் கட்டிலில் யாரோ இருப்பதை முதலில் கண்டது அம்மாதான்.

கடலுக்கு இப்பால், அவர்களுடைய வீடு இருந்த சென்ட் லோரன்டில் அப்போது பிற்பகல் மூன்று மணி. லைப்சிக்கில் இரவு ஒன்பது. நிரோஜா ஒரு செமஸ்டர் படிக்க ஜெர்மனிக்குப் போன நாளிலிருந்து அம்மா தொலைபேசியை மா டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, வீடியோவை அணைக்காமலே சமைப்பார். அங்கே நிரோஜா மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டுப் படிப்பாள், தேநீர் போடுவாள், சீப்பால் தலை இழுப்பாள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் இரண்டு வீட்டுச் சத்தங்களும் கலந்துகொண்டே இருக்கும். இங்கே வெங்காயம் வதங்கும் சத்தமும் சுவரோர ஹீட்டர் சூடேறும்போது எழும் டிக் டிக்கும். அங்கே ட்ராம் வளைவில் திரும்பும்போது வரும் நீண்ட கீச்சு. பிருந்தன் கிடங்கில் காலை வேலை முடித்து வந்து, மாலைப் பிரெஞ்சு வகுப்புக்குப் போகுமுன் அந்த மேசையில்தான் தங்கையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான்.

அந்தத் திங்கட்கிழமை நிரோஜா கேத்தலில் தண்ணீர் பிடிக்க அறையை விட்டுப் போயிருந்தாள். மேசை விளக்கின் வெளிச்சம் முடிகிற இடத்தில், கட்டிலில், ஒரு பெண் இருந்தாள். தலை குனிந்திருந்தது. முடி முகத்தை மூடியிருந்தது. விருந்துக்கு வந்து காத்திருப்பவளைப் போல இரண்டு கைகளையும் முழங்கால்களில் வைத்திருந்தாள்.

“சிநேகிதி போல,” என்றார் அம்மா. பிறகு, தமிழ் தெரியாதவர்களோடு பேசும்போது செய்வதைப்போலக் குரலை உயர்த்தினார். “வாங்கோ பிள்ளை, சாப்பிடுவம். எங்கட வீட்டை ஒருநாள் வாங்கோ.”

“அம்மா, அந்தப் பிள்ளைக்குத் தமிழ் விளங்குமே?”

“விளங்காட்டி என்ன? ஆளைக் கண்டும் காணாத மாதிரி எப்பிடி நாங்கள் சாப்பிடுறது?”

கட்டிலில் இருந்தவள் மெல்லத் தலையை உயர்த்தினாள். அவள் அம்மாவைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கூப்பிட்ட குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தேடுவதுபோல இருந்தது.

நிரோஜா கேத்தலோடு திரும்பி வந்தாள்.

“ஆரடி உன்ர அறையில?” என்று பிருந்தன் கேட்டான்.

“ஒருத்தருமில்லை. தனி அறையெண்டு பொறாமை போல, அண்ணா. நீ இன்னும் அம்மாவின்ர பிட்டோடதானே கிடக்கிறாய்.”

“கட்டிலைப் பார்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். நேராக, அந்த உருவம் இருந்த இடத்தைத்தான் பார்த்தாள். பிறகு கமராவுக்கு நாக்கை நீட்டினாள். “உன்ர கண்ணை டொக்டரிட்டக் காட்டு. இல்லாட்டி உனக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிற மனிசிக்குச் சொல்லு, மூளை களைச்சுப் போச்செண்டு.”

அவளுக்குப் பின்னால் இருந்தவள் அசையவில்லை.

அழைப்பு முடிந்ததும் அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். “வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஆரையோ வச்சிருக்கிறாள். வாடகைப் பிரச்சினையாக்கும். நீ துருவாதை.”

இருக்கலாம் என்று பிருந்தன் நினைத்தான். எதையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகும் தன்னையே சந்தேகிப்பது அவன் சுபாவம். ஆகவே செவ்வாயிலிருந்து தினமும் மூன்று பத்துக்குத் திரையைப் படம் பிடித்தான். செவ்வாய்: கட்டிலின் விளிம்பு. புதன்: யன்னலோரக் கதிரை. கதிரையில் தொங்கும் கோட்டாக இருக்கலாமோ என்று தோன்றியது. கேட்டபோது நிரோஜா கோட்டை எடுத்துக் காட்டினாள். கோட் அவள் கையில் இருந்தது. கதிரையில் இருந்தவளும் இருந்தாள். அம்மாவோ ஒவ்வொரு நாளும் முதல் கரண்டி சோற்றை எடுக்குமுன் அந்தப் பெண்ணைப் பார்த்து, ஒரே மரியாதையோடு, ஒரே சொற்களைச் சொன்னார். வாங்கோ. சாப்பிடுவம். எங்கட வீட்டை வாங்கோ.

வியாழன்: நிரோஜாவின் முதுகுக்குப் பின்னால். நின்றுகொண்டு.

அன்று அவன் வகுப்புக்குப் போகவில்லை. சென்ட் லோரன்டின் பஸ் தரிப்பில், உப்புக் கரைந்த பனிச்சேற்றில் நின்றபடி, பிடித்த படங்களையெல்லாம் தங்கைக்கு அனுப்பினான். பரீட்சை நேரத்தில் தனியாக இருப்பவளைப் பயப்படுத்துகிறோமே என்று கை கூசியது. அனுப்பாமல் இருக்கவும் முடியவில்லை. ‘இப்பவே வெளிக்கிட்டு வேற ஆரின்ர வீட்டிலையாவது படு’ என்று எழுதினான்.

நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. ‘படத்தில நான் மட்டும்தானே நிக்கிறன், அண்ணா.’ பிறகு இன்னொன்று. ‘ஆனா நேற்று நித்திரையில ஆரோ என்ர தலையைத் தடவினது. அம்மா எண்டு நினைச்சு நல்லா நித்திரை கொண்டிட்டன்.’

அதற்குப் பிறகு அவன் அனுப்பிய எதையும் அவள் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் திரையில் நிரோஜா இருந்தாள். அறை தெளிவாகத் தெரிந்தது. கட்டில் வெறுமை. கதிரை வெறுமை. பிருந்தனுக்கு ஒரு கணம் அழுகை வரும்போல இருந்தது. பிறகு அவளுடைய கைகளைப் பார்த்தான். இரண்டும் முழங்கால்களில் இருந்தன.

“நிரோஜா, ஏன் பதில் போடேல்லை?”

அவள் சிரித்தாள். “சாப்பிடுவம்,” என்றாள்.

“பரீட்சை என்ன மாதிரி?”

“வாங்கோ. சாப்பிடுவம்.”

“பாத்தியே, அங்க போய்ப் பிள்ளைக்கு மரியாதை வந்திட்டுது,” என்று அம்மா பூரித்துப்போனார். நிரோஜா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ட்ராம் கீச்சிட்டது. அவள் கண் இமைக்கவில்லை.

பெர்லினில் இருக்கும் மகேந்திரராசா மாமாவுக்குப் பிருந்தன் தொலைபேசி எடுத்தான். படங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தங்கைக்குச் சுகமில்லை என்று மட்டும் சொன்னான். சனிக்கிழமை அங்கே இரவு ஒன்பது மணிக்கு, அவள் வீடியோவில் இருக்கும் நேரத்துக்குச் சரியாக, கதவைத் தட்டச் சொன்னான். அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஆறாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கதவு. அதைத் தட்ட வேறொருவரின் கை.

சனிக்கிழமை. மூன்று மணி. மா டின்னில் சாய்ந்த தொலைபேசியில் நிரோஜா. அம்மா சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்தார். கணவாய்க் கறியின் வாசனைக்குள்ளே இன்னொரு வாசனை இருந்தது. ஈரக் கம்பளி வாசனை. வெளியிலிருந்து இப்போதுதான் ஒருவர் உள்ளே வந்ததைப்போல.

பிருந்தனின் தொலைபேசி அதிர்ந்தது.

“தம்பி, தட்டிப் பாத்தன், ஒரு சத்தம் சிலமனும் இல்லை. கீழ்வீட்டு மனிசி திறப்புத் தந்தவ. உள்ளுக்க நிக்கிறன். பிள்ளை இஞ்ச இல்லை.”

“எந்த அறையில நிக்கிறியள், மாமா?”

“இருக்கிறதே ஒரு அறை! மேசையில கொம்பியூட்டர் திறந்திருக்கு. தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கு. பரீட்சைக் காலத்தில எங்கையடா போனாள்?”

பிருந்தன் மா டின்னைப் பார்த்தான். திரையில் அதே மேசை. அதே விளக்கு. அதே கோப்பை. நிரோஜா. சிரிப்பு. அவளுக்குப் பின்னால் மாமா இல்லை.

“மாமா, வீடியோவைப் போடுங்கோ.”

மாமா போட்டார். வெறும் கதிரை. வெறும் கட்டில். சுவரில் மாமாவின் நிழல் மட்டும்.

“கொம்பியூட்டரைக் காட்டுங்கோ. திரையை.”

படம் ஆடியது. சரிந்தது. நின்றது.

மடிக்கணினியில் அவர்களுடைய குசினி தெரிந்தது. அடுப்பு. மேசை. கரண்டியோடு அம்மா. தொலைபேசியைப் பிடித்தபடி அவன்.

இருவருக்கும் நடுவில் நிரோஜா.

கோட்டோடு. முடியில் பனி. இரண்டு கைகளாலும் மேசையை அடித்துக்கொண்டிருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் இல்லை.

பிருந்தன் பக்கத்துக் கதிரையைப் பார்த்தான். ஒருவரும் இல்லை. கையை நீட்டினான். காற்று. மீண்டும் திரையைப் பார்த்தான். அவனுடைய கை அவளுடைய நெஞ்சுக்குள் போயிருந்தது. அவள் அந்தக் கையைப் பிடிக்கப் பார்த்தாள். பிடிக்க முடியவில்லை. குனிந்து அவன் காதோடு வாயை வைத்துக் கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

அவனுக்குக் கேட்டது ஹீட்டரின் டிக் டிக் மட்டும்.

“தம்பி,” என்றார் மாமா. “பிள்ளை உங்கட வீட்டிலையே நிக்கிறாள்? எப்ப வந்தவள்?”

“இன்னும் கொஞ்சம் போடட்டே, பிள்ளை?” என்று அம்மா மா டின்னைப் பார்த்துக் கேட்டார்.

மா டின்னில் இருந்தவள் தலையை ஆட்டினாள். வேண்டாம். வயிறு நிறைந்த சிரிப்பு. முழங்காலிலிருந்து ஒரு கை மெல்ல எழுந்தது. ஒரு விரல் நீண்டது. திரையை நோக்கி. அழைப்பை நிறுத்தும் இடத்தை நோக்கி.

“அம்மா, கட் பண்ண விடாதையுங்கோ! கதையுங்கோ! கதைச்சுக்கொண்டிருங்கோ!”

“ஏன்ரா கத்துறாய்? பிள்ளைக்கு அங்க நித்திரை வந்திட்டுது.” அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கமராவுக்குக் கிட்ட வந்தார். “சரி பிள்ளை, வச்சிட்டுப் படு.”

மாமா காட்டிக்கொண்டிருந்த திரையில் நிரோஜா அம்மாவின் காலைக் கட்டிப்பிடித்தபடி தரையில் கிடந்தாள். நிமிர்ந்து பிருந்தனைத்தான் பார்த்தாள்.

விரல் பட்டது.

அங்கே மடிக்கணினி கறுத்தது. இங்கே அம்மா, காலில் ஏதோ பட்டதைப்போலக் குனிந்து பார்த்து, சேலையை உதறிவிட்டார்.