ஓட்டையான பால் டின்

தோட்டத்துக் கேட்டின் முன் வரிசை மெல்ல நகர்ந்தது. பொழுது சாய்ந்ததும் கேட்டை மூடிவிடுவார்கள். அதன் பிறகு யாரும் உள்ளே போக முடியாது.

பிரேமாவதி பால் டின்னை இறுகப் பிடித்திருந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல். தம்பிப் பாப்பா பசியில் அழுதுகொண்டிருப்பான்.

பயத்தை மறக்க, வீட்டுப்பாடத்தை நினைத்தாள். ஒரு பொருளின் பெயருக்கு முன்னால் நின்று, அது எப்படிப்பட்டது என்று சொல்வது பெயரடை. மூன்று எழுத வேண்டும். "பொருளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்றிருந்தார் ஆசிரியர்.

டின்னைப் பார்த்தாள்.

"சிறிய டின். புதிய டின். ஓட்டையான..."

ஓட்டை இல்லை.

டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டின்னில் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். ஓட்டை போட்டால் பால் சீக்கிரம் கெட்டுவிடும். காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரர்களோடு சண்டை போடுகிறவர்களுக்குக் கொண்டுபோக முடியாது. இது பிடிபட்டால், கடைக்காரர் காஜா மைதீனைச் சிப்பாய்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஓடையில் எறிந்துவிடலாமா? பாப்பாவுக்குப் பால்?

முன்னால் நின்ற பக்கத்து வீட்டுக் காளியம்மாவின் காதில் விஷயத்தைச் சொன்னாள்.

காளியம்மாவின் கண்கள் விரிந்தன. "ஓடு புள்ள! சீக்கிரம் வந்துடு!"

கடையில் இன்னும் கூட்டம் இருந்தது. இடித்துக்கொண்டு போய்க் காஜா மைதீனிடம் டின்னை நீட்டினாள்.

"நானா, இதப் பாருங்க."

காஜா மைதீனின் முகம் வெளுத்தது. "யா அல்லா! அவசரத்துல மறந்துட்டேனே!"

ஆணியை வைத்து இரண்டு அடி அடித்தார்.

"சைக்கிள்ல ஏறு புள்ள!"

பள்ளங்களில் சைக்கிள் குதித்தது. பால் வழிந்து பிரேமாவதியின் கையில் பிசுபிசுத்தது. வானம் இருண்டுகொண்டே வந்தது.

கேட் பாதி மூடியிருந்தது. மறு பாதியில் காளியம்மா நின்றிருந்தாள். காவல்காரர் முருகையாவிடம் கூடையிலிருந்த மிளகாயை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு முடிப்பீங்களா?"

"பொறுலா தம்பி! நல்லா சோதிச்சிக்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

பிரேமாவதி மூச்சிரைக்க டின்னை நீட்டினாள். முருகையா அதைத் திருப்பிப் பார்த்தார். விரலில் பால் ஒட்டியது. நக்கிக்கொண்டார்.

"சரி, போ."

காளியம்மா மிளகாயை எல்லாம் ஒரே அள்ளாக அள்ளிக் கூடையில் போட்டாள்.

பாப்பா குடித்துவிட்டுத் தூங்கினான். பிரேமாவதி சிலேட்டை எடுத்தாள்.

சிறிய பாப்பா.

ஓட்டையான டின்.

மூன்றாவது? யோசித்தாள். சிரிப்பு வந்தது. எழுதினாள்:

மெதுவான காளியம்மா அக்கா.