அக்ஷயாவின் சிவப்பு நாற்காலி

கோத்தகிரியில் மார்கழி பிறந்தாலே அக்ஷயாவுக்கு இருமலும் இளைப்பும் வந்துவிடும். "ரெண்டு மாசம் கீழே வெயில்ல இருக்கட்டும்" என்றார் டாக்டர். அதனால் பல்லடம் பக்கத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த ஒரே வாரத்தில் இருமல் ஓடிவிட்டது. பாடங்கள் கைப்பேசியில் வந்தன. பேச்சுத் துணைக்குத்தான் ஆள் இல்லை. சித்தியும் சித்தப்பாவும் தறி ஓட்டப் போய்விடுவார்கள். வீட்டில் மிச்சம் ஒரு பூனை. அதுவும் பகலெல்லாம் தூங்கும்.

ஒரு மாலை, கோயில் மைதானத்தில் மேளச் சத்தம் கேட்டது. அக்ஷயா சித்தியை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ஊரே ஜோடி ஜோடியாக, வட்டமாக நின்று கும்மி பழகிக்கொண்டிருந்தது. தைப்பூசத்தன்று அரங்கேற்றமாம். நஞ்சுண்டன் அண்ணன் மேளம் தட்ட, பாலுசாமி வாத்தியார் மைக்கில் பாட, அத்தனை கைகளும் ஒன்றாகத் தட்டின. அக்ஷயாவின் கால்கள் சும்மா இருக்கவில்லை.

"நானும் ஆடட்டுங்களா?"

"அட, ஊருக்கு வந்த விருந்தாளி! நீங்க நோகாம உக்காருங்க கண்ணு" என்றார் வாத்தியார்.

சிவப்பு நாற்காலி வந்தது. தட்டில் போண்டா வந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நாற்காலியில் ஒரு தலையணையும் இருந்தது. கழுத்துக்கு மாலை ஒன்றுதான் பாக்கி!

மைதானம் நிறைய ஆட்கள் இருந்தும் அக்ஷயாவுக்கு அழுகையாக வந்தது. அம்மா போனில் கேட்டபோது, "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

நான்காம் நாள், காளியாத்தாள் அக்காவின் மூன்று வயது மகன் கவின் வழக்கம்போலப் பாட்டின் நடுவில் வீறிட்டான். அக்கா வட்டத்தை விட்டு ஓடினார்.

"இப்படிப் பாதியில போனா எப்படீங்க? உங்க ஜோடியும் வேற ஆளோட சேர்ந்துட்டாங்க. இன்னொருக்கா போனா உங்களை ஆட்டத்துல இருந்தே எடுத்துருவேன்" என்றார் வாத்தியார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆட முடியாமல் நிற்பது எப்படி வலிக்கும் என்று அக்ஷயாவுக்கா தெரியாது?

அவள் கவினைத் தூக்கித் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். "இனிமே நீதான் விருந்தாளி. விருந்தாளி அழக்கூடாது, தெரியுமா?" என்று போண்டாத் தட்டை மடியில் வைத்தாள்.

கவின் அழுகையை நிறுத்தினான். தலையணையில் சாய்ந்து, மேளத்துக்குக் கை தட்டவும் தொடங்கினான்.

"ஐயோ, அம்மணி நிக்குது! இன்னொரு நாற்காலி கொண்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

"எனக்கு நாற்காலி வேண்டாங்க" என்றாள் அக்ஷயா, எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கு ஆடணுங்க."

நஞ்சுண்டன் அண்ணன் மேளத்தை நிறுத்திவிட்டு வாத்தியாரைப் பார்த்தார்.

"ஏனுங் வாத்தியாரே, எனக்கும் ஜோடி இல்லை. இந்தப் புள்ளை என்ற கூட நிக்கட்டும்" என்று காளியாத்தாள் அக்கா அவள் கையைப் பிடித்தார்.

மேளம் முழங்கியது. எல்லோரும் வலப்பக்கம் திரும்ப, அக்ஷயா இடப்பக்கம் திரும்பி, அக்காவின் மேலேயே முட்டிக்கொண்டாள்.

"ஏ கோத்தகிரிப் புள்ளை! காலு எங்க போகுது? இன்னொருக்கா தப்புப் பண்ணினா மைதானத்தைப் பத்துச் சுத்து ஓட விடுவேன்!" என்று மைக்கில் அதட்டினார் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள். அக்ஷயாதான் அதிகம் சிரித்தாள்.

வீட்டுக்குப் போகும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை. சித்தியின் போனை வாங்கி, மூச்சு வாங்கக் கூவினாள்:

"அம்மா! இன்னைக்கு என்னை எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்கம்மா!"