நாலு நிமிஷம் பொறுங்க

பாலிக் புலாவ் மலைப்பாதையில் மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. வைப்பர் வேறு மக்கர் செய்தது. வெரோனிக்கா காரை ஓரங்கட்டிவிட்டு, எதிரே தெரிந்த கொட்டகைக்குள் ஓடினாள்...

உள்ளே ஒரு செம்மறிக் குட்டி தரையில் விழுந்து, காலை உதைத்து உதைத்துக் கத்திக்கொண்டிருந்தது. வாலில் இறுக்கமாக ஒரு ரப்பர் வளையம். அடுத்த குட்டியைக் கையில் பிடித்தபடி ஒருவன்.

“ஹலோ பாஸ்! மரத்துப்போக ஊசி போட்டீங்களா?”

அவன் நிமிர்ந்தான். கோபத்திலும் அழகான கண்கள்... சே, இதையா இப்போது பார்ப்பது!

“மழைக்கு ஒதுங்க வந்தீங்களா, பாடம் நடத்த வந்தீங்களா?”

“ரெண்டுக்கும்தான். நான் மிருக டாக்டர்.”

“எட்டு வருஷமா இந்த ரேமண்ட் பண்ணை நடத்துறான். வளையம் போட்டாத்தான் வால் தானா உதிரும். வாலை விட்டா சாணி ஒட்டி ஈ மொய்க்கும். கொஞ்ச நேரம் கத்தும், அப்புறம் சரியாயிடும்லா.”

“கத்துறது நிக்கும். வலி நிக்காது.”

நனைந்துகொண்டே ஓடிக் காரிலிருந்து பையை எடுத்து வந்தாள். கத்திய குட்டிக்கு வலி மருந்து கொடுத்தாள். அவன் கையிலிருந்த குட்டிக்கு வாலடியில் ஊசி.

“நாலு நிமிஷம் பொறுங்க.”

நாலு நிமிஷம்... இருவர் கைக்கும் நடுவில் கதகதப்பாக அந்தக் குட்டி. அவள் கடிகாரத்தையே பார்த்தாள். பார்ப்பது போல் நடித்தாள்.

பிறகு வளையம் ஏறியது. குட்டி சத்தமே போடாமல் தாயிடம் ஓடிப் பால் குடித்தது.

“ஏதோ லக்கு,” என்றான் ரேமண்ட்.

லக்கா? விழுந்து விழுந்து படித்ததெல்லாம் லக்கா? பையை எடுத்துக்கொண்டு மழையிலேயே இறங்கி நடந்தாள். “பேரு என்னன்னு...” என்ற குரலுக்கு அவள் திரும்பவே இல்லை.

அவன் ஞாபகம் வரவே கூடாது என்று தினமும் நினைத்துக்கொண்டாள்...

மூன்றாம் வாரம், ஜார்ஜ்டவுன் கிளினிக் வாசலில் அவன்! கையில், அன்று கொட்டகையில் அவள் மறந்து விட்டுவந்த மருந்துப் பெட்டி. அதில் ஒட்டியிருந்த கிளினிக் பெயரைப் பார்த்து வந்திருக்கிறான்.

“பதினொரு குட்டி புதுசா பொறந்திருக்கு, டாக்டர். வளையத்தை எடுத்தா... கை வரல.”

“ஏன், லக்கு இருக்கே?”

தலை குனிந்தான். “நான் சொன்னது தப்பு. சொல்லிக் கொடுங்க.”

இந்த வீம்புக்காரன் வாயிலிருந்தா? அவள் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மறுநாள் பண்ணையில், அவள் பார்த்துக்கொண்டு நிற்க, ஊசியை அவனே போட்டான். ஒவ்வொரு குட்டிக்கும் பொறுமையாகக் காத்திருந்து, பிறகுதான் வளையம் ஏற்றினான். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துப் பண்ணை ஹாஃபிஸ் அசந்துபோய் மலாயில் கேட்டார், “ஒண்ணுகூட கத்தலையே! யார் சொல்லிக் கொடுத்தது?”

“என் டாக்டர்!” நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான் ரேமண்ட்.

வெரோனிக்காவின் புருவம் உயர்ந்தது. “உங்க டாக்டரா... ஆடுங்களோட டாக்டரா?”

அவன் காது சிவந்தது. ஆனாலும் பார்வையை விலக்கவில்லை.

“ரெண்டும்தான். உங்களைப் பிடிச்சிருக்கு, வெரோனிக்கா. அன்னைக்கு நீங்க மழையில எறங்கிப் போனப்பவே பிடிச்சிருச்சு... சொல்லத்தான் வீம்பு விடல.”

பால் குடிக்கும் குட்டிகளைப் பார்த்தாள். பிறகு அவனை. ஹாஃபிஸ் நிற்பதைக்கூட மறந்து, அவளும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னாள்:

“எனக்கும்தான். அதுவும், தப்புன்னு ஒத்துக்கிட்டீங்களே... அந்த ரேமண்டை ரொம்பப் பிடிச்சிருக்கு!”