ஒட்டு காயும் வரை

வானத்திலிருந்து பச்சையும் மஞ்சளுமாக எதுவோ வந்து மகிழனின் முகத்தில் அறைந்தது...

அடுத்த நொடி அவனும் பைக்கும் கண்மாய்க்கரைச் சரிவில் கிடந்தார்கள். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. முழங்கைதான் சிராய்த்துவிட்டது. அவன் மேல் ஆளுயரத்துக்கும் பெரிய, காற்றடைத்த துணி இறக்கை ஒன்று படபடத்துக்கொண்டு கிடந்தது.

யாரோ ஓடி வந்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பெண். மேலே மிதவைச் சட்டை, காலில் செருப்பில்லை. வந்தவள் அவனைத் தூக்கவில்லை. இறக்கையைத் தூக்கினாள். கருவேல முள் எங்காவது கிழித்திருக்கிறதா என்று ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்தாள்.

மகிழனுக்குச் சுர்ரென்று வந்தது.

"ஏங்க... கீழ ஒரு ஆளு கிடக்கான். அவனுக்கு அடிபட்டிருக்கான்னு கேக்கமாட்டீகளா?"

"ஆளுக்குத் தையல் போட ஆசுபத்திரி இருக்கு. இதுக்குத் தையல் போட இந்தப் பக்கம் யாரு இருக்கா?"

சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். வெகுநேரம் தண்ணீரில் கிடந்த கண்கள், ஓரம் சிவந்து, இமையில் ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. காற்றாலையில் வேலை பார்ப்பவனுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்களைப் பற்றி யாராவது சொல்லித் தந்திருக்கலாம். அவனுக்கு முழங்கை எரிவது மறந்துபோனது.

"ரத்தம் வருது," என்றாள், குரல் இறங்கி. "மன்னிச்சுக்கங்க. கையில கட்டியிருந்த கயிறு அந்துபோச்சு..." பேச்சு பாதியில் நின்றது. "என் போர்டு..."

திரும்பி ஓடினாள். இவனும் பின்னாலேயே ஓடினான். ஏன் ஓடினான் என்று அவனைக் கேட்டால் தெரியாது.

கரைக் கற்களில் அலை ஒரு பலகையை மோதிக்கொண்டிருந்தது. அவள் அதைப் புரட்டினாள். அடியில் ஒரு உலோகத் தண்டு. தண்டின் நுனியில், பொம்மை விமானம் மாதிரி சின்ன இறக்கைகள். ஃபாயில் என்றாள். கையில் காற்று இறக்கையைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்றால், வேகம் பிடித்ததும் ஃபாயில் பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுமாம். அலை தொடாமல் பறக்கலாமாம். இப்போது அந்தத் தண்டைப் பலகையோடு பிணைக்கும் இடம் குறுக்கே விரிசல் விட்டிருந்தது.

அவள் விரிசலை விரலால் தொட்டாள். அதுவரை நின்றுகொண்டிருந்த அந்தத் துளி விழுந்தது.

"நான் ஒட்டித் தாரேன்," என்றான் மகிழன்.

"நீங்களா?"

"அங்கன பாருங்க." மேட்டில் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்த காற்றாலைகளைக் காட்டினான். "அந்த றெக்கையில விரிசல் விட்டா ஒட்டுறது நான்தான். அதுவும் ஃபைபர், இதுவும் ஃபைபர். நாளைக்குச் சாயங்காலம் வாங்க, ரெடியா இருக்கும்."

*நாளைக்கு* என்று ஏன் சொன்னோம்? நாக்கு முந்திக்கொண்டது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு அதைத் திருப்பி வாங்க அவனுக்கு மனம் வரவில்லை.

அவள் பெயர் பாண்டீஸ்வரி. ஓடைப்பட்டியில் அவள் அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். ராமேஸ்வரம் பக்கம் கடலோரப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் இந்த விளையாட்டைச் சொல்லித்தருகிறாள். லீவுக்கு வந்த இடத்தில் ஆடிக்காற்றையும், கோடை மழையில் நிறைந்த கண்மாயையும் பார்த்தவள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கடலில் ரேஸ்.

"அதுல பேரு வாங்கலேன்னா வேலைய விட்டுட்டு தோட்டத்துக்கே வந்துர்றேன்னு அப்பாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்," என்றாள். "அப்பா சரின்னுட்டாக. அவுக சரின்னா சரிதான். இந்த போர்டு இல்லேன்னா எனக்கு ரேஸும் இல்ல."

மகிழனுக்குச் சொந்த ஊர் பழனிசெட்டிபட்டி. வேலைக்காக ஓடைப்பட்டியில் அறை எடுத்திருந்தான். அறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பலகையை வைத்து, விரிசலைத் தேய்த்தெடுத்து, கண்ணாடியிழைத் துணியை அடுக்கி ரெசின் தடவினான். கை சுத்தமாகத்தான் வேலை செய்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. காற்று சீசனில் யாரும் காற்றாலையை நிறுத்தி றெக்கைக்கு ஒட்டுப்போடமாட்டார்கள். ரெசினை இறுகவைக்க அவன் கையிருப்பில் இருந்தது கோடையில் மிஞ்சிய கலவை மருந்து. வெயிலில் அது ஒரே நாளில் இறுகும். இந்தச் சாரல் குளிரில் எத்தனை நாள் கேட்குமோ...

மறுநாள் சாயங்காலம் நகத்தால் அழுத்திப் பார்த்தான். தடம் பதிந்தது. லேசாகத்தான். வாசலில் அவள் நின்றாள்.

"காஞ்சிருச்சா?"

அந்தக் கண்ணைப் பார்த்து *இல்லை* என்று சொல்லலாம். சொன்னால், பெரிதாகப் பீற்றிக்கொண்டவன் என்று நினைப்பாள். பாதிதான் தெரிந்தவன் என்று நினைப்பாள்...

"காஞ்சிருச்சு," என்றான்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள அவனுக்குக் கூசியது. அவள் பலகையை எடுத்துக்கொண்டு போனாள். காலையில்தான் கண்மாயில் இறங்குவாள், விடிவதற்குள் இறுகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

காலையில் கொட்டகையைக் கூட்டும்போது அந்தப் பிளாஸ்டிக் கிண்ணம் காலில் தட்டியது. பலகைக்குக் கலக்கியதில் மிச்சம். குனிந்து தொட்டான். மேலே ஆடை கட்டியிருந்தது. உள்ளே பாகு மாதிரி விரல் இறங்கியது. கிண்ணத்தில் இருப்பதுதானே பலகையிலும் இருக்கிறது?

அவள் எண்ணுக்கு அடித்தான். மணி போனது. எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தான். போன் பைக்குள் இருக்கும், பை கரையில் இருக்கும், அவள்...

பைக்கை முறுக்கினான். காற்று பக்கவாட்டில் வந்து வண்டியைத் தள்ளியது. காற்று இல்லாவிட்டால் அவனுக்கு வேலையில்லை. எத்தனையோ நாள் மேட்டில் நின்று, வா வா என்று அதைக் கூப்பிட்டிருக்கிறான். இன்றைக்கு ஒரு நாள் நின்று தொலையேன்... நிற்கவில்லை. புளியமரங்கள் தலைவிரித்து ஆடின. கண்மாய்க்கரை ஏறும்போதே எட்டி எட்டித் தண்ணீரைப் பார்த்தான்.

நடுக் கண்மாயில் அவள் பறந்துகொண்டிருந்தாள்.

பலகை தண்ணீரைத் தொடவேயில்லை. முழங்கால் லேசாக மடிய, கையில் அந்தப் பச்சை இறக்கையைச் சாய்த்துப் பிடித்து, சாரலுக்குள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனாள். வேறொரு நாளாக இருந்தால் அவன் நாள் முழுக்க நின்று பார்த்திருப்பான். இன்றைக்கு அவளைப் பார்க்கவில்லை, அவள் காலுக்குக் கீழே தன் கைவேலையைப் பார்த்தான். அவள் திரும்பும் ஒவ்வொரு முறையும் இவன் கரையில் ஓரடி முன்னால் போனான்.

"பாண்டீஸ்வரி..." கத்தினான். குரலைக் காற்று பின்னால் அள்ளிக்கொண்டு போனது.

வேலைக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி ஆட்டிக்காட்டினான். அவள் பார்க்கவில்லை. தண்ணீரில் இறங்கினான். முழங்கால்... இடுப்பு... மார்பு. அவனுக்கு நீச்சல் தெரியாது. தெரியாது என்பது, வண்டல் அள்ளிய பள்ளத்தில் கால் வைத்த பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

தரை இல்லை. மூக்கில் வாயில் தண்ணீர். ஒரு முறை மேலே வந்தபோது பச்சையாய் ஒன்று சட்டென்று இவன் பக்கம் திரும்பியது. அவ்வளவு கூர்மையாகத் திருப்பாதே என்று நினைத்தான். சொல்ல வாய் இல்லை. படீரென்று ஒரு சத்தம்.

பிறகு யாரோ அவன் பனியனைப் பிடித்து இழுத்தார்கள். பலகையின் விளிம்பு கைக்குக் கிடைத்தது.

"பிடிங்க. என் கழுத்தப் பிடிக்காதீக, போர்டப் பிடிங்க. காலு எட்டுதா?"

எட்டியது. கரையில் விழுந்து இருமினான். அவள் நடுங்கிக்கொண்டே அவன் முதுகைத் தட்டினாள்.

"கிறுக்கா உங்களுக்கு? நீச்சல் தெரியாம எதுக்கு இறங்குனீக? நான் மட்டும் பாக்கலேன்னா..." அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எதுக்கு இறங்குனீக?"

"காயலை."

"என்னது?"

"ஒட்டு... காயலை. நேத்தே எனக்குத் தெரியும்."

முதுகைத் தட்டிய கை நின்றது. அவள் பலகையைப் புரட்டினாள். அடிவயிற்றில் பிய்த்தெடுத்த குழி. தண்டு இல்லை. ஃபாயில் இல்லை. எல்லாம் கண்மாய்க்குள்.

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"தெரிஞ்சேதான் காஞ்சிருச்சுன்னு சொன்னீகளா?"

அவ்வளவுதான் கேட்டாள். பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அன்று மத்தியானமே, கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்த சுருளியாண்டி முன்னால் போய் நின்றான் மகிழன்.

"ஏலே, நான் கெண்ட பிடிக்க வல வச்சிருக்கேன். நீ ஏரோப்ளேன் பிடிக்கச் சொல்ற."

"ஒருக்கா இழுத்துப் பாருங்கண்ணே. அந்தப் பள்ளத்துப் பக்கம்தான்."

"வல கிழிஞ்சா?"

"நானே உக்காந்து பின்னித் தாரேன்."

சுருளியாண்டி துடுப்பை எடுத்தார். "ஒட்டுனதே நிக்கலையாம், பின்னப் போறானாம்," என்று முனகிக்கொண்டே பரிசலைத் தள்ளினார். கண்மாய்க்கரையில் சேதி அதற்குள் பரவிவிட்டது.

முதல் இழுப்பில் ஜிலேபிக் கெண்டையும் ஒரு பழைய செருப்பும் வந்தன. அடுத்ததில் கருவேல வேர். எதிர்க்கரையில் அவள் வந்து நிற்பதை மகிழன் பார்த்தான். துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியபடி நின்றாள். இருட்டிவிடுமோ, சேற்றில் புதைந்திருக்குமோ... மகிழன் கைவலிக்க இழுத்தான். பொழுது சாயும் நேரத்தில் வலை கனத்தது. துள்ளும் மீன்களுக்கு நடுவே, சேறு பூசிய சின்ன விமானம் ஒன்று பேசாமல் கிடந்தது.

கழுவித் துடைத்து எதிர்க்கரைக்கு எடுத்துப்போனான். அவள் வாங்கிப் பார்த்தாள். வளையவில்லை.

"போர்ட நான் ஒட்டவான்னு கேக்க எனக்கு வாயில்ல," என்றான்.

"இந்தப் பக்கம் வேற யாரு இருக்கா?" அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஆனா ஒண்ணு. காயலேன்னா காயலேன்னு சொல்லணும். என் முகத்தப் பாத்துச் சொல்லாதீக. ஒட்டப் பாத்துச் சொல்லுங்க."

தேனிக்குப் போய்க் குளிருக்கேற்ற மருந்து வாங்கி வந்தான். பழைய ஒட்டைச் சுரண்டி எடுத்தான். கொட்டகையைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே பெரிய பல்புகளைப் போட்டு, கோழிக்குஞ்சுக்குச் சூடு வைப்பதுபோல் பலகைக்குச் சூடு வைத்தான். அவள் தினமும் வந்து வாசலில் நின்றாள். "காயலை," என்பான். "சரி," என்று போய்விடுவாள். அப்புறம் ஒரு நாள் டீ கேட்டாள். இன்னொரு நாள் அவன் முழங்கைக் காயத்தைப் பார்த்து, "அதாச்சும் காஞ்சிச்சா?" என்றாள். அந்த ஒரு கேள்விக்கு அவன் ராத்திரி முழுக்கப் பதில் யோசித்தான்.

ரேஸுக்கு முந்தின நாள் காலை. மதியம் பஸ் ஏறியாக வேண்டும்.

மகிழன் நகத்தால் அழுத்தினான். தடமே இல்லை. காசால் தட்டினான். கணீரென்றது. மிச்சம் வைத்த கிண்ணத்தைக் கல்லில் அடித்தான், உடையவில்லை. இதைவிட நன்றாக அவன் எந்த ஒட்டும் போட்டதில்லை.

அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

பலகை போனால் அவளும் போவாள். ஜெயித்தால் கடலோரத்திலேயே இருந்துவிடுவாள். *காயலை* என்று ஒரே ஒரு வார்த்தை... ரேஸ் இல்லை, பஸ் இல்லை. கொடுத்த வாக்குப்படி அவள் திராட்சைப் பந்தலுக்கடியில், இந்த ஓடைப்பட்டியிலேயே இருப்பாள். சொன்னால் அவள் நம்பவும் செய்வாள்.

வாசலில் நிழல் விழுந்தது. தோளில் பயணப் பை. காற்றுக்கு முடி கண்ணில் விழ, அதை ஒதுக்கவும் தோன்றாமல் நின்றாள்.

"காஞ்சிருச்சா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒட்டைப் பார்த்தான்.

"காஞ்சிருச்சு. கொண்டுபோங்க. உடைஞ்சாலும் வேற இடத்துலதான் உடையும், இங்கன உடையாது."

அவள் கிட்டே வந்தாள். நகத்தால் அழுத்திப் பார்ப்பாள் என்று நினைத்தான். பார்க்கவில்லை. பலகையை அப்படியே உறைக்குள் செருகி ஜிப்பை இழுத்தாள். அந்தச் சத்தத்தில் மகிழனுக்கு என்னவோ அறுந்தது.

"காயலைன்னு சொல்லணும்போல இருந்துச்சு," என்றான்.

ஜிப் பாதியில் நின்றது.

"காலையிலேருந்து. ரெண்டாவது தடவையும் பொய் சொல்லிருவேனோன்னு எனக்கே பயமா இருந்துச்சு. சொன்னா நீ இங்கனயே இருப்பேல்ல..." *நீ* என்று வந்துவிட்டது. திருத்தவில்லை. "எனக்கு உன்னயப் பிடிச்சிருக்கு. கண்மாயில பறந்தியே, அன்னைக்கு இல்ல. அதுக்கு முன்னாடியே. என்னயக் கீழ தள்ளிட்டு இறக்கையத் தடவிப் பாத்தேல்ல... அப்பவே."

வெளியே சாரல் தகரத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அவள் உறைக்கு மேலாகவே, ஒட்டு இருந்த இடத்தில் கையை வைத்தாள். மகிழனுக்கு, மூச்சு திரும்பவும் அந்தப் பள்ளத்துக்குள் போய் நின்றது.

"அன்னைக்கு நான் ஏன் அப்படித் திருப்புனேன்னு யோசிச்சுப் பாத்தேன்," என்றாள் மெல்ல. "அப்படித் திருப்புனா எந்த போர்டும் தாங்காது. எனக்குத் தெரியும். ஆனா உங்க தலை தண்ணிக்குள்ள போனதப் பாத்ததும்... போர்டு நினைப்பே வரல. எனக்கு இதுவரைக்கும் அப்படி ஆனதேயில்ல."

முகம் சிவந்து, மீதி ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஜெயிச்சா?" என்றான்.

"ஜெயிச்சா நீங்க அங்க வாங்க. கடலோரத்துலயும் காத்தாலை சுத்துது."

"தோத்தா?"

"தோத்தா நான் இங்கன வாரேன்."

பலகையின் ஒரு முனையை அவன் தூக்கினான், மறுமுனையை அவள். வாசல் தாண்டும்போது நின்று திரும்பினாள். அந்தக் கண்ணில் சிரிப்பும் இருந்தது, பயமும் இருந்தது.

"எதுன்னாலும் நீச்சல் நான்தான் சொல்லித்தருவேன். வேற யாருகிட்டயும் கத்துக்கிறாதீக. நான் வார வரைக்கும் தண்ணியில கால வைக்காதீக."

"வைக்கமாட்டேன்," என்றான்.

"என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க," என்றாள்.