ஐம்பத்தெட்டுச் சோடிச் செருப்பு

கொழும்பு, காலி வீதியில் மழை பிடித்துக்கொண்ட அந்தப் பின்னேரம், துஷ்யந்தி ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி டியூஷன் வகுப்பு வாசலில் நின்று செருப்பு எண்ணிக்கொண்டிருந்தாள். விசர் பிடித்ததால் இல்லை, அதுதான் அவளுடைய வேலை. கொழும்பில் தனியார் சேவைகள் எவ்வளவு நடக்கின்றன என்று அளக்கும் ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருவாள். வெள்ளவத்தையின் சலூன், லோண்டரி, லொட்ஜ், டியூஷன் என்று ஏறி இறங்கிப் படிவம் நிரப்புவாள். அரிசியென்றால் நிறுத்துவிடலாம். முடி வெட்டியதையும் பாடம் சொன்னதையும் எந்தத் தராசில் போடுவது? ஆட்களைத்தான் எண்ணவேண்டும். கடைக்காரர்களோ அவளை வரிக்காரி என்று நினைத்துப் பாதியை விழுங்கிவிடுவார்கள். ஆகவேதான் செருப்பு.

ஐம்பத்தெட்டுச் சோடி. தன்னுடையதையும் அவற்றோடு கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

கணித ஆசிரியர் சாந்தகுமாருக்கு முப்பது வயதிருக்கும். விரல்களில் நீல மை. கண்கள்... அந்தக் கண்களைப் பற்றி அவள் நினைக்கவே விரும்பவில்லை. மழைக்கு முன்னால் கடல் இருக்குமே, அப்படி ஆழமாய், அமைதியாய்... சரி, வேலையைப் பார், துஷ்யந்தி.

"எத்தனை பிள்ளைகள் படிக்கினம் சேர்?"

"முப்பத்திரண்டு."

"வாசலில ஐம்பத்தெட்டுச் சோடி செருப்புக் கிடக்கு."

அவன் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நீங்க செருப்பும் எண்ணுவீங்களோ மிஸ்?"

"ஆக்கள் பொய் சொன்னா எண்ணத்தானே வேணும்."

சிரிப்பு அணைந்துவிட்டது. முப்பத்திரண்டு என்றே எழுதும்படி சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான். என்ன திமிர்... அவளுக்கு முகம் சூடேறியது. குறிப்பு எழுதும் இடத்தில், 'தகவல் நம்பத்தக்கதல்ல' என்று அழுத்தி எழுதி, அங்கேயே நின்று போனில் அலுவலகத்துக்கு அனுப்பியும்விட்டாள்.

வகுப்பு முடிந்தது. பிள்ளைகள் மழையில் விழுந்தடித்து ஓடினார்கள். துஷ்யந்தி வெளியே வந்து பார்த்தால், அவளுடைய செருப்பைக் காணோம். அதே மண்ணிறத்தில், வார் கறுப்பு நூலால் தைக்கப்பட்ட ஒரு பழைய சோடிதான் மிச்சம். யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் அதற்குள் காலை நுழைத்தாள். முதல் அடியிலேயே வார் அறுந்தது.

பின்னால் நின்ற சாந்தகுமார் உள்ளே போய்த் தன் றப்பர் செருப்பைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தான்.

"தாறவன் பொய்க்காரன் எண்டாலும் செருப்பு நல்லது மிஸ். போடுங்கோ."

பத்தாம் அளவு. அதை இழுத்து இழுத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை நடந்தபோது அவளுக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, கடைசியில் சிரிப்பும் வந்தது. பஸ் ஜன்னலில் வழிந்த மழையில் அந்தக் கண்கள் ஏன் வரவேண்டும்?

மறுநாள் அறுந்த வாரைத் தைப்பித்து எடுத்துக்கொண்டு, அவன் செருப்பையும் கொடுக்கப் போனாள். வகுப்பு திறக்கவில்லை. படியில் ஒரு பெண், மடியில் துஷ்யந்தியின் செருப்போடு இருந்தாள். பெயர் ஜெயராணி, பக்கத்துத் தொடர்மாடியில் வீட்டு வேலை செய்கிறாளாம். துஷ்யந்தியைப் புது டீச்சர் என்று நினைத்து மனம் விட்டுக் கதைத்தாள்.

"எம்புள்ள அவசரத்துல மாத்திப் போட்டுக்கிட்டு வந்துருச்சு மிஸ், மன்னிச்சுக்குங்க. சேர் எங்ககிட்ட சல்லி வாங்குறதில்ல. கிராண்ட்பாஸ்ல இருந்து வர்ற இருவத்தாறு புள்ளைகளுக்கும் அப்புடித்தான். யாரு குடுக்குறா, யாரு குடுக்கலன்னு அந்தப் புள்ளைகளுக்கே தெரியாது. தெரிஞ்சா எம்புள்ள வெக்கப்பட்டு நின்னுரும்."

ஐம்பத்தெட்டில் முப்பத்திரண்டு போனால் இருபத்தாறு. துஷ்யந்தி எழுதிய குறிப்புக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை மேற்பார்வையாளர் ஸவாஹிர் நேரில் வருவார். கட்டணப் பதிவேட்டை விரித்து, பிள்ளைகளை ஒவ்வொரு பெயராக எழுப்பிச் சரிபார்ப்பார். பெயர் வாசிக்கப்படாத இருபத்தாறு பிள்ளைகளும் எல்லோர் முன்னாலும் தலை குனிந்து இருக்கவேண்டும்.

சாந்தகுமாருக்காகக் காத்திருக்கவில்லை. நேரே மருதானை அலுவலகத்துக்கு ஓடினாள். அந்த மாதக் கடைசியில்தான் அவளுடைய வேலை நிரந்தரமாக்கப்படவிருந்தது. இந்த நேரத்தில் பிழையை ஒத்துக்கொள்வது தன் தலையில் தானே மண்ணைப் போடுவதுதான். போட்டாள்.

"அவர் பொய் சொல்லேல்ல சேர். காசு கட்டுறவை முப்பத்திரண்டு, படிக்கிறவை ஐம்பத்தெட்டு. நான்தான் ஒழுங்காக் கேக்காமல் எழுதிப்போட்டன்."

ஸவாஹிர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். படிவத்தைத் திருத்தவும் சனிக்கிழமைப் பயணத்தை நிறுத்தவும் சம்மதித்தார். நிரந்தர நியமனம் மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போனது. படியிறங்கும்போது துஷ்யந்திக்கு அழுகை வந்ததென்னவோ உண்மைதான். ஆனால் அது அந்த ஒரு வருடத்துக்காக இல்லை... இப்படியும் ஒரு மனிதன் இருக்கிறானே என்றுதான்.

அன்று பின்னேரமே செருப்பைத் திருப்பிக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டாள். ஐம்பத்தெட்டு என்று திருத்தியதையும், காசு கட்டாத படிப்பும் படிப்புத்தான் என்று எழுதியதையும் சொன்னாள். நியமனத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையில் அவள் படி இறங்கும் திசையையே மறந்துபோனாள்.

அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மழை வந்தாலும் வராவிட்டாலும் துஷ்யந்தி வந்தாள். படிவத்துக்குப் பத்து நிமிடம் போதும். பிளேன்டீயோடு ஒரு மணித்தியாலம் போய்விடும். நான்காம் முறை வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது. ஆய்வில் நாலு தரம் எண்ணிய இடத்தை விட்டுவிட்டு வேறிடம் எடுப்பதுதான் ஒழுங்கு. அடுத்த தடவைப் பட்டியலில் அவன் பெயர் இல்லை என்று சொன்னாள்.

"தெரியும்," என்றான் சாந்தகுமார். "ஸவாஹிர் சேர் போனில சொன்னவர். உங்கட நியமனம் ஏன் பிந்தினது எண்டும் சேர்த்து."

அவள் தலை குனிந்தாள். அவன் வாசலைக் காட்டினான். புதிதாகச் செய்த ஒரு மரத் தட்டு. செருப்புகள் இனி மாறிப்போகாதபடி ஒவ்வொரு சோடிக்கும் ஒரு பெட்டி. எல்லாம் நிரம்பியிருந்தன. மேல் வரிசையில், அவனுடைய றப்பர் செருப்புக்குப் பக்கத்தில், ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது. வந்த அவசரத்தில் அவள் தன் செருப்பை நிலத்தில்தான் கழற்றிவிட்டிருந்தாள்.

"அது பிள்ளைகளுக்கில்ல." அவன் அவள் பக்கம் திரும்பினான். "மூண்டு மாசத்துக்கு ஒருக்கா எனக்குப் போதாது, துஷ்யந்தி. உங்களை எனக்கு நல்ல விருப்பம். நாளைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வரட்டோ?"

முதல் முறையாக அவன் வாயில் அவளுடைய பெயர்... கண் நிறைந்து எல்லாம் மங்கலாகிவிட்டது. குனிந்து, நிலத்தில் கிடந்த தன் செருப்பை எடுத்து அந்த வெறும் பெட்டியில் வைத்தாள்.

"அப்பா ஆறு மணிக்குப் பிறகுதான் வீட்டில நிப்பார்," என்றாள்.