பதினோரு அறைகள்

“ரோசிய எங்க பொதைச்ச, நைனா?”

தங்கை ரோசியைப் பற்றி எந்நாளும் கேட்கவே கூடாது என்று அம்மா சாகும்போது கையடித்துச் சத்தியம் வாங்கிய கேள்வி. அதை ஞானகுமாரி நடுப்பகலில், கூலியாட்கள் காதுபடக் கேட்டாள்.

அப்பா அருள்தாஸ் சென்னீர்குப்பத்துப் பழைய பட்டாள மைதானத்தில் தோட்டக்காரர். அங்கே தாவர ஆராய்ச்சித் தோட்டம் வரப்போகிறது. வரைபடம் ஞானகுமாரியுடையது; அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். தாமரைக் காயைப் போல ஒரு வட்டக் கூடம், உள்ளே விதைகளுக்குப் பதினோரு அறைகள். ஏன் பதினொன்று என்று மேலதிகாரியான துரை கேட்டபோது அவளுக்கே பதில் தெரியவில்லை. நாளைக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள்.

காற்றே இல்லாத வெயிலில், கோடு போட்ட சுண்ணாம்புத் தூளின் நெடி தொண்டையை அறுக்க, காலையிலிருந்து அவள் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்: ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் தொட்டாற்சுருங்கி ஒரு சாண் அளவுக்கு மூடிக்கொண்டது, பிறகு அதற்கு அடுத்த சாண், பிறகு அதற்கும் அடுத்தது, அவள் நின்ற பக்கமாக, தத்தித் தத்தி நடக்கும் குழந்தையின் எட்டு அளவில்.

அருள்தாஸ் மண்வெட்டியைக் கீழே வைத்தார். வாந்திபேதி வந்த வருஷம் நோயாளிகளை அடைக்கும் கொட்டகை இங்கேதான் போட்டார்கள், பாதிரியாரைக்கூட உள்ளே விடவில்லை என்றார்.

“எந்த எடம்னு கேக்கறேன்.”

“நீ கோடு போட்டுக்கீறியே, அதுக்குள்ளதான். தனியா எங்க கண்ணு பொதைக்கறது? ஒரே குழி. பதினோரு புள்ளைங்க.”

“பதினேழு வருசமா இந்தப் பொட்டல்ல தண்ணி ஊத்திகினு இருந்தது அதுக்குத்தானா?”

“ஊத்தாம? தண்ணி தண்ணின்னுகினே போச்சு. குடுக்கக்கூடாதுன்னாங்க. நானும் குடுக்கல.”

அவரைத் திட்ட வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

செடி மூடியது. இப்போது ஒரே ஒரு தடமாக அல்ல. வட்டம் முழுக்க.

இதில் எது ரோசி?

இருந்த ஒரே வரைபடத்தைச் சுருட்டித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினாள். மை கரைந்தது. தரையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடுகளைக் காலால் தேய்த்து அழித்தாள். இதோடு வேலை போகும். போகட்டும். இனி எங்கே தோண்டுவார்கள்?

மைதானத்து வாசலை நோக்கி நடந்தாள். புடவைத் தலைப்பு கனத்தது. ஒரு கை. இன்னொரு கை.

“வாங்க,” என்றாள், திரும்பாமல். “எல்லாருமே வாங்க. ஊட்டுல தண்ணி கீது.”

கதவைச் சாத்தவில்லை. வெளியே செடி இல்லை. வெறும் புழுதிச் சாலை.

அதில், அவள் காலடிகளுக்கு இரண்டு பக்கமும், ஈரமான சின்னப் பாதங்கள். பதினோரு சோடி.